போக்காடு

9 நவம்பர் 2025
ஊரிலிருந்து

அன்பு மகள் ரோகிணிக்கு,

அப்பா முத்திருளன் எழுதுறது. போன்ல உன் பேரைத் தொட்டா மணியே அடிக்க மாட்டேங்குது. தீபாவளிக்கு நான் அனுப்புன விளக்குப் படம் இன்னும் ஒத்த டிக்கோட நிக்குது. உன் தம்பி சூர்யாவைக் கேட்டா, "அக்கா உங்களை பிளாக் பண்ணிருச்சுப்பா"ங்கிறான். செக்கானூரணியில ஏறுனா வில்லாபுரத்துக்கு எம்புட்டு தூரம்? பஸ்ல உனக்கு டிக்கெட்டும் கிடையாது. இருந்தும் தபால்ல எழுதுறேன். தபாலை பிளாக் பண்ண முடியாதான்னு போஸ்ட்மேன்கிட்ட கேட்டேன். "முடியாதுண்ணே, கிழிச்சு வேணாப் போடலாம்"னார். கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா படிச்சுப்பிடு, ஆத்தா.

நாங்க சுகம். குட்டியானை வண்டி ஓடுது. தக்காளியை ஏத்திக்கிட்டு விடியுமுன்ன பரவை மார்க்கெட்டுக்குப் போறேன், வெயில் ஏறுமுன்ன திரும்புறேன். வண்டிக்கும் எனக்கும் ஒரே மாதிரி இருமல். மெக்கானிக்கு வண்டிக்கு மட்டும்தான் மருந்து சொல்றான்.

விஷயத்துக்கு வாரேன். உன் பெரியப்பா சின்னான் ஆள் விட்டுச் சொல்லியிருக்கார். வர்ற மாசிப் பச்சைக்கு நான் ஒரு கிடாவோட வந்து, பங்காளிக எல்லார் முன்னாடியும் விழுந்து மன்னிப்புக் கேட்டா, திரும்ப என்கிட்ட வரி வாங்குவாகளாம்.

இது உனக்குப் புரியும். மாப்ள கார்த்திகேஷுக்குப் புரியாது. சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, போன மாசிக்கு லீவு கிடைக்காம வரவும் இல்ல. கேட்டார்னா இப்படிச் சொல்லு. எங்க குலசாமிக்கு மாசிப் பச்சைன்னு வருசத்துக்கு ஒருதரம் கிடா வெட்டு. வெட்டுமுன்ன கிடா மேல மஞ்சத்தண்ணி தெளிப்பாக. அது உடம்பைச் சிலிர்த்தாத்தான் சாமி ஏத்துக்கிட்டதா அர்த்தம். கிடாவோட கயிறைப் பிடிக்கிறது எங்க வகையறா, எங்க வகையறாவுல நான். காப்புக் கட்டுனதுலருந்து கயிறு பிடிக்கிறவன் கவுச்சி தொடக் கூடாது, வெளிச்சோறு திங்கக் கூடாது. போன வருசம் தெளிச்சுத் தெளிச்சுப் பாத்தாக, கிடா கல்லுக் கணக்கா நின்னுச்சு. நான் முந்துன வியாழக்கிழமை கோரிப்பாளையத்துல புரோட்டா சால்னா தின்னுட்டேன்னு சபையில ஒத்துக்கிட்டேன். என்னைய எல்லைக் கல்லுக்கு வெளிய அனுப்பிட்டு, பெரியப்பா மகன் அசோக்குமார் கயிறைப் பிடிச்சான். கிடா சிலிர்த்துருச்சு. அன்னையிலருந்து நான் பங்காளி இல்ல. கோயில் வரி வாங்க மாட்டாக. நாளைக்கு நான் செத்தா தூக்குறதுக்கும் அவுக வர மாட்டாக. உங்கம்மா ஒல்லி, அவளால தனியாத் தூக்க முடியாது.

அதனால மன்னிப்புக் கேட்டுப்பிடலாம்னு இருக்கேன். விழுந்து எந்திரிக்கிறதுக்கு முழங்காலு ஒத்துழைச்சாப் போதும். அன்னைக்கு நீ வந்து உங்கம்மா பக்கத்துல நிக்கணும். அதான் கேக்குறேன். வேற ஒண்ணும் கேக்கலை.

அப்பா

*

16 நவம்பர் 2025
வில்லாபுரம்

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

போனில் பேசினால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் பேச்சை நிறுத்தினேன். எழுத்திலும் அதையேதான் செய்திருக்கிறீர்கள்.

நான் சிரிக்காமல் எழுதுகிறேன். போன மாசியில் நான் மூன்று மாதம். உங்களுக்கும் அம்மாவுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். ஏப்ரலில் அது இல்லாமல் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களைப் பார்த்து, "நீங்க தின்ன புரோட்டாவுக்கு என் பிள்ளை போச்சு" என்று சொன்னேன். எனக்குக் கிடாவிலும் நம்பிக்கை இல்லை, மஞ்சள் தண்ணீரிலும் நம்பிக்கை இல்லை. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் சொன்னேன், சொன்னபோது நம்பினேன். அதற்கும் நீங்கள் லேசாகச் சிரித்துவிட்டு, "டீ வாங்கியாரேன்" என்று போனீர்கள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்று. கிடா சிலிர்க்காமல் நின்றபோது பெரியப்பா என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. "வேத்துக் காலு வந்து நிக்குது, அதான்" என்றார். வேறு சாதி வீட்டில் வாழப்போனவள் என்று என்னைத்தான் சொன்னார். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நீங்கள் வாயைத் திறக்கும்வரை அத்தனை கண்ணும் என் மேல் இருந்தது. தின்றது நீங்கள், நின்றது நான். இதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறது. ஸ்கேப்கோட்.

நான் வர மாட்டேன்.

ரோகிணி

*

23 நவம்பர் 2025

அன்பு மகளுக்கு,

உன் கடுதாசியை உங்கம்மா என் கையிலருந்து பிடுங்கிப் படிச்சா. படிச்சுட்டு சோத்துப் பானையைக் கொஞ்சம் சத்தமா வெச்சா.

ஆஸ்பத்திரியில சொன்னதை நீ திரும்ப எடுக்க வேணாம். அது இங்கயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் பாரமில்ல. லோடு ஏத்துறவன்கிட்ட பாரத்தைப் பத்திப் பேசலாமா?

ஆனா அந்த இங்கிலீஷ் வார்த்தையில மாட்டிக்கிட்டேன். கோட்டுன்னா ஆடுன்னு எனக்குத் தெரியும். பத்தாவதை ரெண்டு தரம் எழுதுனவன், அதனால மத்தவனை விட ஒரு தரம் கூடுதலாப் படிச்சவன். ஆனா 'ஸ்கேப்பு'? சூர்யாவைக் கேட்டேன். போன்ல தட்டிப் பாத்துட்டு "பலிகடாப்பா"ன்னான். எனக்கு அது சரியாப் படலை. பலிகடான்னா வெட்டுறது. உன்னைய வெட்டுறதுக்கு அங்க எவனுக்கும் தைரியம் கிடையாது. பாத்தாக, அம்புட்டுத்தான்.

மார்க்கெட்ல எடை போடுற தம்பி ஒருத்தர்கிட்டயும் கேட்டேன். அவர் "தப்பிச்ச ஆடு போலண்ணே"ங்கிறார். வெட்டுனதா, தப்பிச்சதா? ரெண்டும் எப்படி ஒரே ஆடா இருக்க முடியும்? டீச்சர்கிட்ட கேக்குற மாதிரிக் கேக்குறேன். கோவத்தை ஓரமா வெச்சுட்டுச் சொல்லு. அப்புறம் திரும்ப எடுத்துக்க.

அப்பா

*

4 டிசம்பர் 2025

அப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்வியை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே ஆடு இல்லை. இரண்டு ஆடுகள்.

ஸ்கேப்கோட் என்ற சொல் இங்கிலீஷில் பிறந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது. அதன் வேர் ஹீப்ரூ மொழியில், யூதர்களின் பழைய வேதத்தில் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள், ஊர் செய்த பாவத்தையெல்லாம் தீர்க்கிற நாள் அவர்களுக்கு. இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சீட்டுப் போடுவார்கள். ஒரு சீட்டு சாமிக்கு. அந்தக் கிடாவை வெட்டுவார்கள். இன்னொரு சீட்டு 'அசாசேல்' என்பதற்கு. அந்தக் கிடாவை வெட்ட மாட்டார்கள். பூசாரி அதன் தலையில் இரண்டு கையையும் வைத்து, ஊரார் செய்த குற்றம் ஒவ்வொன்றையும் சொல்லுவார். சொல்லி முடித்ததும் ஓர் ஆள் அதை வனாந்தரத்துக்கு ஓட்டிப்போய் விட்டுவிட்டு வருவான். குற்றமெல்லாம் ஆட்டோடு போய்விட்டதாகக் கணக்கு.

'அசாசேல்' என்றால் என்ன என்று இன்றைக்கும் யாருக்கும் நிச்சயமில்லை. வனாந்தரத்தில் இருக்கிற ஒரு பேயின் பெயர் என்கிறார்கள் சிலர். செங்குத்தான ஒரு மலையின் பெயர் என்கிறார்கள் சிலர். இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 'ஏஸ்' என்றால் ஆடு. 'ஓசேல்' என்றால் போகிறது. போகிற ஆடு, தப்பிப் போகிற ஆடு. எஸ்கேப் என்ற சொல்லின் பழைய குறுக்கம்தான் 'ஸ்கேப்'. அப்படி வந்தது ஸ்கேப்கோட். செய்யாத குற்றத்தைச் சுமக்கிற மனிதனுக்கு அதைச் சொல்வதெல்லாம் அதற்கும் முந்நூறு வருஷம் கழித்துத்தான்.

தமிழில் நாம் பலிகடா என்கிறோம். அது வெட்டுப்பட்ட ஆடு. உங்களுக்குச் சரியாகப் படாதது சரிதான். கிறிஸ்தவர்கள் தமிழ் பைபிளில் இதற்கு வேறு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். போக்காடு.

எழுதிக்கொண்டே போனதில் கோபம் மறந்துவிட்டது. மறந்தே போகவில்லை என்று காட்டுவதற்காக இந்த வரியை எழுதுகிறேன்.

ரோகிணி

*

14 டிசம்பர் 2025

அன்பு மகளுக்கு,

போக்காடு நல்ல பேரா இருக்கு. வண்டிக்குப் பின்னாடி எழுதலாமான்னு பாத்தேன். உங்கம்மா முறைச்சா.

நீ எழுதுனதை அவளுக்கு ரெண்டு தரம் படிச்சுக் காட்டுனேன். ரெண்டாந்தரம் அவ கேட்டது இது: "வெட்டுன ஆடாச்சும் அன்னைக்கே முடிஞ்சுருது. விட்ட ஆடு என்ன பண்ணும்?" எனக்கும் அதான் யோசனை. ஆடு தனியா இருக்காது, ஆத்தா. கூட்டத்தைக் காணோம்னா நின்ன இடத்துலயே கத்தும். புல்லு இருந்தாலும் மேயாது. வெட்டுறது பெரிய காரியம்னு எல்லாரும் அதையே பாத்துக்கிட்டிருப்பாக. இது பின்னாடி எங்கயோ போய்க் கத்திக்கிட்டிருக்கும்.

எனக்கு ரெண்டு சந்தேகம். ரெண்டும் சும்மாதான் கேக்குறேன்.

ஒண்ணு. அந்த ஆட்டைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தாகளா? இல்ல, எந்த ஆடாச்சும் தானா முன்னாடி வந்து, இந்தா என் தலைல வைங்கன்னு நின்னதா எங்கயும் இருக்கா? இருக்காது. ஆட்டுக்கு அம்புட்டு விவரம் பத்தாது. அப்படி ஒரு ஆடு வந்துச்சுன்னா அதை போக்காடுன்னு சொல்லலாமா, வேற பேரு வைக்கணுமா?

ரெண்டாவது. ஓட்டிக்கிட்டுப் போன ஆளைப் பத்தி நீ ஒரு வரிதான் எழுதியிருக்க. அவன் என்ன ஆனான்? ஆட்டுக்கு ஒண்ணும் தெரியாது. கை வெச்ச பூசாரிக்கு அது வேலை. கூட நடந்து போனவனுக்குத்தான் எல்லாம் தெரியும், இது தலைல ஒண்ணும் கிடையாது, சும்மா ஆடுன்னு. தெரிஞ்சும் வாயத் திறக்கக் கூடாது. விட்டுட்டுத் திரும்பி வந்து அதே ஊருல சோறு திங்கணும். அவனுக்கு ஏதாச்சும் பரிகாரம் எழுதியிருக்கா? இருந்தா எழுது.

சூர்யா இப்பல்லாம் சரியாச் சாப்பிடுறதில்ல. கேட்டா வண்டி, வண்டின்னு ஓடிப் போறான். நீ ஒருக்கா பேசிப் பாரேன். என்னையத்தானே பிளாக் பண்ணியிருக்க, அவனை இல்லையே.

அப்பா

*

2 ஜனவரி 2026

அப்பா,

ஓட்டிப்போன ஆள் துணியைத் துவைத்து, குளித்துவிட்டு ஊருக்குள் வரலாம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வரியை எழுத முடியவில்லை. அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்து எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது சூர்யா. பெரியப்பா அவனைத்தான் அனுப்பினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டைப் பற்றிக் கேட்கிறவர் ஓட்டிப்போனவனுடைய சாப்பாட்டைப் பற்றி எதற்கு எழுதுகிறார் என்று யோசித்தேன்.

அவனைக் கோரிப்பாளையத்துக்கு வரச்சொன்னேன். தர்கா பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். "அப்பா எந்தக் கடையிலடா தின்னாரு? காட்டு, நான் கேட்கிறேன்" என்றேன்.

"எந்தக் கடைன்னு எனக்கென்னக்கா தெரியும்?"

"அந்த வியாழக்கிழமை நீதானடா கூட இருந்தே?"

டீ கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தான். அப்புறம் சொன்னான். "வண்டி பிரேக்குக்கு ஒர்க்‌ஷாப்ல கிடந்தோம்க்கா. காலையிலருந்து இருட்டுற வரைக்கும். நான் சாப்பிட்டேன். அவரு இளநி குடிச்சதோட சரி. அந்த எட்டு நாளும் வீட்டுச் சோறு தவிர எதையும் தொடலை. எல்லைக் கல்லுகிட்ட போகும்போதே சத்தியம் வாங்கிட்டாரு, உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு. நீ ஆஸ்பத்திரியில அவரை அப்படிக் கேட்டப்ப நானும் அங்கதான்க்கா நின்னேன்."

நீங்கள் சாப்பிடவே இல்லை.

சாப்பிடவே இல்லை அப்பா. செய்யாததைச் சபையில் செய்தேன் என்று சொன்னீர்கள். பங்காளிகளை விட்டீர்கள். கயிறை விட்டீர்கள். நான் சொன்னதையும் வாங்கிக்கொண்டு டீ வாங்கப் போனீர்கள். இப்போது கிடாவும் வாங்கி, விழுந்து மன்னிப்பும் கேட்கப் போகிறீர்களா?

ஏன் என்று எழுதுங்கள். சிரிக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் மாசிப் பச்சைக்கு வந்து மைக்கைப் பிடுங்கி நானே சொல்லுவேன்.

ரோகிணி

*

12 ஜனவரி 2026

ரோகிணி,

சத்தியத்தை மீறிட்டான் பய. மீறுனதுக்கப்புறம் நேத்து ரெண்டு தட்டுச் சோறு தின்னான். அதனால திட்டலை.

சிரிக்காம எழுதச் சொல்ற. முயற்சி பண்றேன். எனக்கு இந்தச் சிரிப்பு, சிலருக்குத் தோள்ல துண்டு இருக்கிற மாதிரி. எடுத்து வெச்சா கை எங்க வைக்கிறதுன்னு தெரியாது.

அன்னைக்கு கிடா நிக்குது. தண்ணி சொட்டுது. நான் கயிறைப் பிடிச்சிருக்கேன். அது உடம்பு என் முழங்கால்ல ஒட்டிக்கிட்டிருக்கு. வெயில்ல காஞ்ச ஆடு, நம்மள விட அதுக்குத்தான் அசதி, ஏன் சிலிர்க்கும்னு எனக்குத் தோணுச்சு. அப்ப அண்ணன் 'வேத்துக் காலு'ன்னார். நீ முந்தானையை எடுத்து முன்னாடி போட்டுக்கிட்ட. யாரும் கவனிக்கலை. நான் கவனிச்சேன். வயித்தை மறைச்ச.

நான் தக்காளி ஏத்துறவன். நல்லாத்தான் அடுக்குவோம், மெதுவாத்தான் ஓட்டுவோம். இருந்தாலும் மார்க்கெட்ல இறக்குறப்ப கீழ்ப் பெட்டியில கொஞ்சம் நசுங்கியிருக்கும். யாரு செஞ்சதும் இல்ல. ஆனா கடைக்காரருக்கு ஒரு ஆள் வேணும். யாருடா ஓட்டுனதும்பார். அந்த நேரத்துல எனக்கு அதான் ஓடுச்சு. பிள்ளை நல்லபடியாப் பொறந்துட்டா இந்தக் கிடாவை எவனும் நெனைக்க மாட்டான். ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா? அன்னைக்கே சாமி காட்டுச்சு, கேட்டாளான்னு விரலை நீட்டுவாக. அந்த விரல் உன் வயித்தைப் பாத்து நீளக் கூடாது. அதுக்கு முன்னாடி வேற ஒரு பக்கம் திருப்பி வெச்சுப்பிடணும். கயிறு என் கையிலதான் இருந்துச்சு. புரோட்டா தின்னேன்னா எவனும் சந்தேகப்பட மாட்டான், என் உடம்பைப் பாத்தாலே தெரியும். வாயில வந்துருச்சு.

சத்தியமா ஏதாச்சும் ஆகும்னு நான் நெனைக்கலை. ஆயிருச்சு.

ஊரு சொல்றதுகூட பரவாயில்ல, ஆத்தா. ஒரு காதுல வாங்கி விட்டுரலாம். எனக்குப் பயம் வேற. நீ தனியா இருக்கையில உன்னையவே கேட்டுக்குவியே, நான் அங்க போனதுனாலதானா, நான் நின்னதுனாலதானான்னு. படிச்சவளா இருந்தா என்ன, பெத்தவளுக்கு அந்தக் கேள்வி வரும். வந்தா போகாது. அது உனக்கு வரக் கூடாதுன்னுதான். ஆஸ்பத்திரியில நீ என்னையத் திட்டுனப்ப எனக்குச் சிரிப்பு வந்ததுக்குக் காரணம் அதான். சரி, கேள்வி இங்கிட்டு வந்துருச்சு, அங்கிட்டுப் போகலைன்னு ஒரு நிம்மதி. நீ அந்தச் சிரிப்பைத் தப்பா எடுத்துக்கிட்ட. நல்லது, அப்பத்தானே இன்னும் நல்லாத் திட்டுவ.

அதனால மைக்கைத் தொடாத. நீ உண்மையைச் சொன்னா, அப்ப கிடா ஏன் நின்னுச்சுன்னு முதல்லருந்து ஆரம்பிப்பாக. இப்பப் பிள்ளை போனதும் வெளிய தெரிஞ்சுரும். சேத்து வெச்சுப் பேசுவாக. நான் விழுந்து எந்திரிச்சுட்டு வந்துர்றேன்.

அப்பா

*

30 ஜனவரி 2026

அப்பா,

உங்க கடிதத்தை நான் பாதிக்கு மேல படிக்கலை. மீதியை கார்த்திகேஷ்தான் படிச்சுக் காட்டுனார். அவரும் ஒரு இடத்துல நிறுத்திட்டு, தண்ணி குடிச்சுட்டு வந்தார்.

ஒண்ணு மட்டும் நீங்க தப்பா நெனச்சுட்டீங்க. அந்தக் கேள்வி எனக்கு வரலைன்னு நெனைக்கிறீங்க. வந்துச்சுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுலயே வந்துருச்சு. அன்னைக்கு ஏன் போனேன், ஏன் அங்க நின்னேன், பெரியப்பா சொன்னது நெசந்தானோன்னு. என்னால அதை வெச்சுக்க முடியலை. கைய எங்க வைக்கிறதுன்னு தேடுனேன். நீங்க வராந்தாவுல தலையக் காட்டிக்கிட்டு நின்னீங்க. வெச்சுட்டேன்.

வெச்சதுக்கப்புறம் அது போச்சான்னா, போகலை. இந்த ஒம்பது மாசமும் உங்க மேல கோவப்படுறப்பல்லாம் அடியில அதுதான் இருந்துச்சு. ஆட்டை எம்புட்டுத் தூரம் ஓட்டுனாலும் கை வெச்சவங்க கை அப்படியேதான் இருக்கு.

டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. "இது யாரு செஞ்சதும் இல்லம்மா. சில சமயம் இப்படி ஆகும்." எனக்கு அது காதுல ஏறலை. யாரும் செய்யலைன்னா யாரைத் திட்டுறது? இப்ப ஏறுது. யாரும் செய்யலைன்னா யாரு தலையிலயும் வைக்க வேணாம்ப்பா. என் தலையிலயும் வேணாம், உங்க தலையிலயும் வேணாம். சும்மா கீழ வெச்சிருவோம்.

மாசிப் பச்சைக்கு வாரேன். இவரும் வாரார். நீங்க விழக் கூடாது. கிடாவும் வாங்கக் கூடாது. பெரியப்பா கேட்டா நான் பேசுவேன். அவுக என்ன வேணாப் பேசிக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவ நான். அதைச் சொல்லுறதுக்கு எனக்கு என்ன பயம்?

போன்ல உங்களைத் திறந்துவிட்டுட்டேன். ஆனாலும் எழுதுங்க. எழுதுறப்ப நீங்க கொஞ்சம் நெசம் பேசுறீங்க.

ரோகிணி

*

18 பிப்ரவரி 2026

அன்பு மகளுக்கு,

பத்திரமா போய்ச் சேந்தீகன்னு மாப்ள போன்ல சொன்னார். போன்ல நானும் "சரி மாப்ள, சரி மாப்ள"ன்னு நாலு தரம் சொன்னேன். சொல்ல வந்தது அது இல்ல. அதான் எழுதுறேன்.

நீ பேசுனதை நீயே கேட்டிருக்க மாட்ட. பேசுறவுகளுக்குக் கேக்காது. அண்ணன் "என்னப்பா முத்திருளா, கிடா எங்க?"ன்னதும் நான் வாயைத் திறந்தேன். நீ எனக்கு முன்னாடி போய் நின்ன. "எங்கப்பா எதையும் திங்கலை பெரியப்பா. என்னையப் பாத்து நீங்க கை நீட்டுனீங்க, நான் அப்ப மாசமா இருந்தேன், அதுக்காகப் பொய் சொன்னாரு. பிள்ளை தங்கலை. அதுக்கும் இந்தக் கிடாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இருக்குன்னு யாராச்சும் சொல்லணும்னா இப்ப, என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க"ன்ன. உனக்கு குரல் நடுங்கவே இல்ல. மாப்ள வேட்டியைக் கட்டத் தெரியாமக் கட்டிக்கிட்டு, ஒரு கையில அதைப் பிடிச்சுக்கிட்டே உன் பக்கத்துல நின்னார்.

அண்ணன் கீழ குனிஞ்சு திருநீத்துத் தட்டைச் சரி பண்ணுனார். பொம்பளைக பக்கத்துல யாரோ மூக்கைச் சிந்துனாக. அப்புறம் பெரியவுக கூடிப் பேசுனாக. தீர்ப்பு என்னன்னு நீங்க பஸ்ஸுக்குக் கிளம்புனதுக்கு அப்புறந்தான் வந்துச்சு. உன்னையப் பத்தி இனிமே யாரும் வாயத் திறக்கக் கூடாதாம். ஆனா சாமி முன்னாடி கயிறைப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொன்னது குத்தமாம். அதனால இன்னும் ஒரு வருசத்துக்கு என்கிட்ட வரி கிடையாது. சூர்யா சண்டைக்குப் போனான். நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். போன தடவை செய்யாத குத்தத்துக்கு வெளிய நின்னேன். இந்தத் தடவை செஞ்ச குத்தத்துக்கு. இதுல ஒரு நேர்மை இருக்கு, அசோக்குமாரே என் முகத்தைப் பாத்துத்தான் பேசுனான்.

சொல்ல வந்தது இது இல்ல.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன். உங்கம்மா சோத்தைப் போட்டுட்டு, எங்கிட்டோ பாத்துக்கிட்டு, "இருந்திருந்தா இந்நேரம் குப்புற விழுந்திருக்கும்"னா. அவ இதை முந்தியும் சொல்லியிருக்கா. அப்பல்லாம் நான் எந்திரிச்சு வண்டியைப் பாக்கப் போயிருவேன். அன்னைக்குப் போகலை. சோத்துல கைய வெச்சபடியே அழுகை வந்துருச்சு. இம்புட்டு அழுகை எனக்குள்ள இருந்தது எனக்கே தெரியாது. உங்கம்மா பயந்துட்டா. நெஞ்சு வலியான்னு கேட்டா. இல்லடின்னேன்.

ஆஸ்பத்திரியில எல்லாரும் அழுதாக. உங்கம்மா அழுதா, மாப்ள சுவத்தைப் பாத்துக்கிட்டு அழுதார், உன் மாமியா அழுதாக. நான் அழுகலை. புரோட்டா தின்னுட்டு வந்தவன் அழுதா நடிக்கிறான்னுதானே சொல்லுவாக. குத்தம் செஞ்சவனுக்கு அந்தப் பிள்ளைக்கு அழுகுற உரிமை கிடையாதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். டீ வாங்கப் போனேன், பிஸ்கட்டு வாங்கப் போனேன், மாத்திரை வாங்கப் போனேன். உள்ள நர்சம்மா துணியில சுத்திக் கொண்டுபோனப்ப நான் படியில நின்னேன். பக்கத்துல வந்து பாக்கலை.

நீ மாசியில என் தலையிலருந்து அதை இறக்கி வெச்சதுக்கு அப்புறந்தான், நானும் அந்தப் பிள்ளைக்குத் தாத்தான்னு எனக்கே தோணுது.

அன்னைக்கு கேக்க வேண்டிய ஒண்ணை நான் கேக்கலை. கேக்குற இடத்துல நான் இல்ல. இப்பக் கேக்குறேன். உனக்குச் சொல்ல முடிஞ்சாச் சொல்லு, முடியலைன்னா விட்டுரு.

பொம்பளப் பிள்ளையா, ஆம்பளப் பிள்ளையா, ஆத்தா?

அப்பா